செந்தூல் கொண்டோவில் வேய்ல்டு பச்சோந்தி: யூவிபி லைட்டு எது வாங்கலாம்?

செந்தூல்_கவி:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி படிக்கக் கூச்சிங் போறப்ப, அவன் வளர்த்த வேய்ல்டு பச்சோந்தியை என் தலையில கட்டிட்டுப் போயிட்டான். ஆண், வயசு அரை வருஷத்துக்கு மேல இருக்கும். பேரு முனியாண்டி. அம்மா முதல்ல முகத்தைச் சுளிச்சாங்க, இப்ப அவங்கதான் செம்பருத்தி இலை பறிச்சுக் கொடுக்கிறாங்க.

கூண்டு வலைக்கூண்டு, 45க்கு 45, உயரம் 90 செண்டிமீட்டர். ஹால்ல, பால்கனிக் கண்ணாடிக் கதவு ஓரமா இருக்கு. யூவிபி லைட்டு, அதாவது வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரைக் கொடுக்கிற லைட்டு, தம்பி ஆன்லைன்ல வாங்கின சுருள் பல்பு, மேல 10.0னு போட்டிருக்கு, கம்பெனி பேரே இல்ல. அது பியூஸ் போற மாதிரி மினுக்குது, அதனால புதுசு வாங்கணும். கடையில கேட்டா ஒருத்தர் 5.0ங்கிறார், இன்னொருத்தர் 10.0தான் பவர்ங்கிறார், மூணாவது கடைக்காரர் எல்இடியே போதும்னு விக்கப் பார்த்தார். அம்மா வேற, "இந்த ஊரு வெயில்ல மனுஷனே கருகுறான், இதுக்கு எதுக்குடி லைட்டு"ன்னு கேட்கிறாங்க. கதவோரம் சாயங்கால வெயில் நல்லாவே விழுது.

எது வாங்கணும்? வாங்கித்தான் ஆகணுமா? இன்னொண்ணு, கொஞ்ச நாளா அவன் நாக்கு நீட்டினா செங்கெரிக் பூச்சி வரைக்கும் எட்ட மாட்டேங்குது. கிட்ட கொண்டு போனா சாப்பிடுறான்.

---

கெப்போங்_ராஜ்:

சிஸ்டர், லைட்டெல்லாம் வீண் செலவு. நான் எங்க பெந்தர் பச்சோந்தியைத் தினமும் காலையில எட்டு மணிக்கு வெளிய வெச்சிட்டு, வேலைக்குக் கிளம்பறப்ப உள்ள எடுத்துடுவேன். இளம் வெயில்ல இருக்கிற டி வைட்டமின் எந்தப் பல்புலயும் வராது. கைக்குழந்தையைக்கூட அப்படித்தானே காட்டுறோம்? நாம மலேசியாவுல இருக்கோம்லா, ஐரோப்பாவுல இல்ல.

---

பட்டர்வொர்த்_வயர்மேன்:

தங்கச்சி, 5.0வா 10.0வாங்கிறதை அப்பறம் பார்ப்போம். முதல்ல ஒரு டேப் எடுங்க. கூண்டு மேல லைட்டு உக்கார்ற இடத்திலேர்ந்து, முனியாண்டி உச்சிக் கிளையில படுத்திருக்கிறப்ப அவன் முதுகு எங்க வருதோ அது வரைக்கும் அளங்க. கிளை வரைக்கும் இல்ல, முதுகு வரைக்கும். வேய்ல்டுக்குத் தலைமேல அந்தக் கொண்டை வேற நிக்குது, முதல்ல சுடுறது அதுதான். பெட்டியில போட்டிருக்கிற நம்பரை நம்பி வாங்குறவங்க எல்லாரும் இந்தத் தூரத்தை விட்டுடறாங்க.

5.0, 10.0ங்கிறது குழல் விடுற வெளிச்சத்துல யூவிபி நூத்துக்கு எத்தனை பங்குன்னு கம்பெனி சொல்ற கணக்கு, அவ்வளவுதான். வாட் கூடினா மாறும். மேல ரிஃப்ளெக்டர் இருந்தா மாறும். வலைக்குப் பின்னாடி போனா மூணுல ஒரு பங்கு காணாமப் போகும், கொசுவலை மாதிரி நெருக்கமான வலையா இருந்தா பாதியே போயிடும். அதனால முதுகுல என்ன விழுதுங்கிறதுதான் கணக்கு. வேய்ல்டு, பெந்தர் ரெண்டுக்கும் உச்சிக் கிளையில யூவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரோட பலத்தைச் சொல்ற எண், 3 பக்கம் வர்ற மாதிரி வெக்கிறது வழக்கம். கீழ எறங்க எறங்கக் குறையணும், இலைக்குள்ள போயிட்டா ஒண்ணுமே இருக்கக் கூடாது. அவனே ஏறி எறங்கி எடுத்துக்குவான். பெந்தரை வெச்சு 2009ல வெளியான ஒரு ஆய்வுல இதைப் பார்த்திருக்காங்க: தீனியில டி3 வைட்டமின் கம்மியா கிடைச்சதுங்க யூவி பக்கம் அதிகம் போச்சு, நிறைய கிடைச்சதுங்க ஒதுங்கிக்கிச்சு. அந்த அறிவு அதுக்கு இருக்கு, ஒதுங்க இடம் கொடுக்க வேண்டியது நம்ம வேலை.

இப்ப சாமானுக்கு வருவோம். அந்தச் சுருள் பல்பை இன்னிக்கே கழட்டுங்க. நல்ல கம்பெனிச் சுருள்கூட ஒரு சின்ன வட்டத்துலதான் யூவிபி கொடுக்கும், பக்கத்துக் கிளைக்குத் தாண்டினா இல்ல. பேரில்லாத பல்புல உள்ள என்ன பூசியிருக்கான்னு யாருக்குத் தெரியும்? சிலதுல யூவிபியே வராது, சிலதுல வரக் கூடாத குட்டை அலை யூவி வந்து கண்ணைப் பதம் பார்த்துடும். பகல்ல கண்ணை மூடிக்கிட்டு உக்கார்ந்திருந்தா லைட்டைத்தான் முதல்ல சந்தேகப்படணும். எல்இடி விக்கப் பார்த்தாரே, அது செடி வளரும், பார்க்கப் பளிச்சுன்னு இருக்கும், அதுல யூவிபி கிடையாது.

உங்களுக்கு வேண்டியது நீளக் குழல், டி5 எச்ஓ (மெல்லிசா, கூடுதல் வெளிச்சம் விடுறது), 24 வாட், நீளம் 55 செண்டிமீட்டர். ஸூமெட் ரெப்டிசன் 5.0, இல்லன்னா ஆர்கேடியா 6 சதவீதம். ரிஃப்ளெக்டரோட வலை மேல வெச்சா, முதுகுக்கு எட்டு ஒன்பது அங்குலத்துல ஏறக்குறைய அந்த 3 கிடைக்கும். 10.0, 12 சதவீதக் குழலும் தப்பில்ல, ஆனா ஒரு அடிக்கு மேலயே தள்ளி வெக்கணும். 90 செண்டிமீட்டர் கூண்டுல மேல ஒரு அடியைச் சும்மா விட்டுட்டு அவன் எங்க ஏறுவான்? அதுவும் இவனுங்க வலைக் கூரையிலயே தலைகீழாத் தொங்குவானுங்க.

ஒரு விஷயம், என் தொழில்ங்கிறதால சொல்றேன். ஹார்ட்வேர் கடையில டி5 ஃபிட்டிங் கேட்டா இப்ப எல்இடி பட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பான், அதுல குழல் மாட்டவே முடியாது. பழைய அடுப்பங்கரை கலிமந்தாங் (சாதாரணக் குழல் விளக்கு) 14 வாட் ஃபிட்டிங் எங்கயாவது கிடைச்சா அதுவும் இதே நீளம், 24 வாட் குழல் கச்சிதமா உக்காரும், எரியவும் செய்யும். ஆனா சோக்கு 14 வாட்டுக்கு ஓடுறது. குழல் சோம்பேறியா எரியும், யூவிபியும் கூடவே விழுந்துடும். எச்ஓன்னு எழுதின ஃபிட்டிங்தான் வேணும். அமெரிக்காவுலேர்ந்து வரவழைக்கிற செட்டுல 120 வோல்ட்டுன்னு மட்டும் போட்டிருந்தா தொடாதீங்க, நம்ம 240ல சொருகினா புகைதான்.

ராஜு, உனக்கு. மலேசியாங்கிறது சரி, மணிதான் சரியில்ல. 1982ல தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்ன தள்ளி சபா சரவாக்கோட சேர்த்தாங்க. அதனால நம்ம பக்கம் சூரியன் உச்சிக்கு வர்றது ஒண்ணே கால் மணிக்கு. எட்டு மணிங்கிறது விடிஞ்சு ஒரு மணி நேரம்கூட ஆகாத வெயில். சாய்வா வர்ற வெயில்ல யூவிபி முக்கால்வாசி காத்துலயே கரைஞ்சுடும். யூவி இண்டெக்ஸ் அளக்க நான் வெச்சிருக்கிற சோலார்மீட்டர் 6.5ங்கிற கருவி அந்த நேரத்துல அரை புள்ளிகூடக் காட்டாது. வானம் தெளிவா இருந்தா ஒன்பதரை மணிக்கு மேலதான் 3ஐத் தொடும். மீட்டர் இல்லாதவங்களுக்குக் கை கணக்கு: நிழல் உங்க உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கிற நேரம். நிழல் காலடியில சுருண்டுட்டா அது நம்ம பச்சோந்திக்கு ஆகாத வெயில், மதியம் இண்டெக்ஸ் 11, 12ன்னு போகும். குழந்தையை இளவெயில்ல காட்டுற வழக்கத்துல நான் வாய் வெக்கல, என் பொண்டாட்டி இதைப் படிப்பா.

தங்கச்சி, கண்ணாடிக் கதவு வழியா வர்ற சாயங்கால வெயில் சூடு மட்டும்தான். யூவிபியைக் கண்ணாடி வெளியவே நிறுத்திடும். சூடு பல்புக்கும் ரொம்ப மெனக்கெடாதீங்க, வேய்ல்டுக்கு உச்சிக் கிளையில 30 டிகிரி போதும், ஏர்கோன் இல்லாத ஹாலே மதியம் அதைத் தொட்டுடும். காலையில கொஞ்ச நேரம் ஒரு சின்ன 25 வாட் பல்பு போதும். வாய் திறந்துக்கிட்டு உக்கார்ந்தா சூடு அதிகம்.

---

பிஜே_மீனா:

லைட்டு விஷயத்துல அண்ணன் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கவி, நாக்கு எட்டலன்னு கடைசி வரியில போட்டிருக்கீங்களே, அதை ஏன் யாரும் பிடிக்கல? நான் விலங்கு கிளினிக்கில் வேலை செய்யறவ. பச்சோந்தி வர்றது கம்மி, வந்தா பாதி இந்தக் கதைதான்.

யூவிபி தோல்ல படணும், அப்பதான் உடம்பு டி3 செய்யும். டி3 இருந்தாத்தான் சாப்பிட்ட கால்சியம் ரத்தத்துல ஏறும். இல்லன்னா உடம்பு எலும்புலேர்ந்து கடன் வாங்கும். நாக்கைப் பாய்ச்சுற தசைக்கும் கால்சியம் வேணும், அதனால நாக்கு சோர்றது முதல்ல கண்ணுல படுற அடையாளங்கள்ல ஒண்ணு. கீழ்த்தாடை லேசா தொட்டா ரப்பர் மாதிரி வளையுதா? கிளையைப் பிடிக்கிறப்ப முன்னங்கால் முட்டிக்குக் கீழ வில்லு மாதிரி தெரியுதா? நடக்கிறப்ப வயிறு கிளையில உரசுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் லைட்டு வாங்கிட்டுக் காத்திருக்காதீங்க, எக்ஸ்ரே எடுக்கணும். ஊர்வன பார்க்கிற டாக்டரான்னு போன்ல கேட்டுட்டுப் போங்க. செர்டாங் யூபிஎம் கால்நடை மருத்துவமனையிலும் கேட்டுப் பார்க்கலாம். வளைஞ்ச எலும்பைப் புது லைட்டு நிமிர்த்தாது, மேல வளையாம நிறுத்தும்.

அதுக்குள்ள பயந்துக்கிட்டு டி3 பவுடரை அள்ளிக் கொட்டாதீங்க. வெயில்ல செய்யற டி3 அளவு மீறாது, தோலே மிச்சத்தை வேற பொருளா மாத்திடும். வாய் வழியாப் போறதுக்கு அந்தத் தடுப்பு கிடையாது, விஷமாயிடும். செங்கெரிக்கு மேல தினமும் தூவுறது டி3 இல்லாத கால்சியம். டி3 கலந்த மல்ட்டிவைட்டமின் மாசத்துக்கு ரெண்டு தடவை போதும்.

தம்பிகிட்ட வாங்கின ரசீதையும் கேட்டு வெச்சுக்குங்க. வேய்ல்டு, காட்டு உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் உலக ஒப்பந்தத்தோட இரண்டாம் பட்டியல்ல இருக்கு. அனுமதி எதுவும் வேணுமான்னு பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்துல கேட்டுத் தெளிவாக்கிக்கிறது நல்லது.

---

கெப்போங்_ராஜ்:

ஒன்பதரை மணிக்கு நான் ஆபீஸ்ல பஞ்ச் கார்டு அடிச்சு ஒரு மணி நேரம் ஆயிருக்கும். அப்ப எனக்கும் குழல்தானா?

---

பட்டர்வொர்த்_வயர்மேன்:

வார நாளுக்குக் குழல், சனி ஞாயிறுக்கு வெயில். வெளிய வெக்கிறப்ப கூண்டுல பாதி நிழல் இருக்கணும், ஆள் பக்கத்துல இருக்கணும். எங்க பக்கம் குரங்கு, உங்க பக்கம் காக்கா. மாமரத்தடியில வெச்சிடாத, கெரங்கா எறும்பு ஒரு சாரியா ஏறினா கதை முடிஞ்சுது. புகைமூட்டம் வர்ற மாசத்துல வெயிலைக் கணக்குலயே சேர்க்காத.

---

செந்தூல்_கவி:

எல்லாருக்கும் நன்றி. மீனாக்கா சொன்னதும் பயந்து அடுத்த நாளே லீவு போட்டு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். தாடை கெட்டியாத்தான் இருக்கு, கால் வளையல. எக்ஸ்ரேயில எலும்பு கொஞ்சம் வெளிறித் தெரியுது, ஆரம்பக் கட்டம்னாங்க. கால்சியம் மருந்து வாயில விடச் சொல்லியிருக்காங்க. அவனுக்கு அது பிடிக்கல, என்னைப் பார்த்தாலே கறுத்துப் போய் உப்பிக்கிறான்.

லைட்டுக்கு ஊர்வன கடையில ஆர்கேடியா 6 சதவீதக் குழல் 24 வாட் கிடைச்சுது. ஃபிட்டிங் அங்க இல்ல. மீன் கடையில டி5 எச்ஓ 24 வாட் ஒற்றைக் குழல் செட்டு இருந்துச்சு, 240 வோல்ட்டு, ரிஃப்ளெக்டர் இருக்கு, அதை வாங்கிட்டேன். அளந்து பார்த்தேன், முதுகுக்கு ஒன்பது அங்குலம் வர்ற மாதிரி கிளையை இறக்கிக் கட்டியாச்சு. ஃபிட்டிங்குக்கு அடிப்பக்கம் தண்ணி படாம இருக்க ஒரு தெளிவான பிளாஸ்டிக் மூடி இருக்கு. கூண்டுல தண்ணி தெளிக்கிறதால அது இருக்கிறது நல்லதுதானே?

---

பட்டர்வொர்த்_வயர்மேன்:

கழட்டுங்க! அந்த மூடி கண்ணுக்குத்தான் தெளிவு. அது அக்ரிலிக், யூவிபியை அங்கயே நிறுத்திடும். மீன் தொட்டிக்கு யூவிபி தேவையில்ல, அதனால அவன் அப்படிச் செஞ்சிருக்கான். அதை மாட்டிட்டு எரிச்சா நீங்க வாங்கின ஆர்கேடியா வெறும் கலிமந்தாங்.

மூடி போனதும் குழல் திறந்து கிடக்கும், அதனால தண்ணி தெளிக்கிறப்ப சுவிட்சை அணைச்சிட்டுத் தெளிங்க, ஃபிட்டிங்கைக் கூண்டுக்குள்ள மாட்டாதீங்க, மேலயே இருக்கட்டும். குழல் முனையில மார்க்கர்ல இன்னிய தேதியை எழுதிடுங்க. ஒரு வருஷம் கழிச்சும் கண்ணுக்கு அதே வெளிச்சம்தான் தெரியும், யூவிபி மட்டும் தேய்ஞ்சு போயிருக்கும். எரியுதேன்னு விட்டுடாம மாத்துங்க. கழட்டின குழல்ல பாதரசம் இருக்கு, உடைச்சுக் குப்பையில போடக் கூடாது.

டைமர் காலையில ஏழு மணிக்குப் போட்டு சாயங்காலம் ஏழு மணிக்கு அணைங்க. சுத்துற டைமரா இருந்தா கரண்டு போனா அதுவும் நின்னுடும், வந்ததும் மணியைச் சரி பாருங்க. ராத்திரி எந்த லைட்டும் வேணாம், டிவி வெளிச்சமும் அவன் மேல விழ வேணாம், ஒரு துணியைத் தொங்க விடுங்க.

---

கெப்போங்_ராஜ்:

அண்ணே, தைப்பூசத்துக்குப் பினாங்கு வரேன். அந்த மீட்டர்ல என் செட்டை ஒரு தடவை அளந்து தருவீங்களா? பெந்தரையும் தூக்கிட்டு வரவா?

---

பட்டர்வொர்த்_வயர்மேன்:

பச்சோந்தி வேணாம், தண்ணிமலை கூட்டத்துல அதுக்கு என்ன வேலை. லைட்டையும், கூண்டு மேல்மூடி வலையையும் கழட்டி எடுத்துட்டு வா. வலை இல்லாம அளந்தா அந்த நம்பர் எதுக்கும் உதவாது.