மனித உரிமை சட்டத்துல மாஸ்டர்ஸ்: வெளிநாடு போய் படிச்சே ஆகணுமா?

கேள்விக்குறி:
லா முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கேன். சர்வதேச சட்டமும் மனித உரிமையும் சேர்த்து எல்எல்எம் (சட்டத்துல மாஸ்டர்ஸ்) பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. ஐரோப்பால லைடன் (நெதர்லாந்து), எஸெக்ஸ் (பிரிட்டன்), லுண்ட் (ஸ்வீடன்), ஜெனீவா அகாடமி (சுவிட்சர்லாந்து) நாலையும் பாத்து வச்சிருக்கேன். வீட்ல கேக்குறது ஒரே கேள்விதான், "முடிச்சிட்டு வந்து என்ன பண்ணப் போற?" எனக்கே பதில் தெரியல. போனவங்க, போகாம விட்டவங்க ரெண்டு பேரும் சொல்லுங்க.

கறுப்புக்கோட்டு:
கோச்சுக்காத தம்பி, கடன் வாங்கித்தான் போகணும்னா போகாத. பதினாலு வருஷமா கோர்ட்ல நிக்கிறேன், மனித உரிமை வழக்குன்னா அது ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு மாஜிஸ்திரேட் முன்னாடி வர்றதுதான், கைது பண்ண நேரத்தை திருத்தியிருக்கானா, டாக்டர் காயத்தைப் பாத்து எழுதினாரா இல்ல நார்மல்னு கிறுக்கி அனுப்பிட்டாரா, இதுதான் வழக்கே. ஐ.நா. மனித உரிமை கமிட்டிக்கு தனி ஆளா புகார் அனுப்பணும்னாகூட உள்நாட்டு கோர்ட்ல இருக்குற வழியெல்லாம் முடிச்சிட்டு வான்னுதான் சொல்லும், அதுவும் உன் நாடு அதுக்கான நெறிமுறையை ஏத்துக்கிட்டிருந்தா மட்டும். அப்ப வேலை எங்க நடக்குது? இங்க. இதுக்கு எதுக்கு பிளைட் டிக்கெட்?

கேள்விக்குறி:
தங்கச்சின்னு சொல்லுங்க சார் 🙂

ஈரக்குடை:
சார் சொன்ன அதே விதிதான் என்னைப் படிக்கவே அனுப்புச்சு. உள்நாட்டு வழி முடியணும், சரி. ஆனா அப்படி முடிஞ்சு வர்ற ஃபைல எடுத்துப் பாருங்க, அந்த உரிமை மீறல் வாதத்தை கீழ்கோர்ட்ல யாரும் எழுப்பியிருக்கவே மாட்டாங்க. அப்புறம் கமிட்டி முன்னாடி போய் நின்னா "இதை நீ உள்ளூர்ல கேக்கவே இல்லையே"ன்னு தள்ளிடும். முதல் மனுவுலயே எதை எழுதி வைக்கணும்னு எனக்குப் புரிஞ்சது எல்எல்எம்லதான்.

இன்னொன்னு, கிளினிக். எங்க யுனிவர்சிட்டில அகதி விண்ணப்பங்களுக்கு உதவுற லீகல் கிளினிக் இருந்துச்சு. ஒரு எத்தியோப்பியக்காரர் பேட்டில கைதான வருஷம்னு ஒண்ணு சொல்றார், அவர் கொண்டு வந்த பேப்பர்ல வேற வருஷம், அதிகாரி "முரண்பாடு"ன்னு ஒரே வார்த்தைல நிராகரிச்சிட்டார். மூணு நாள் அந்தப் பேட்டியைத் திரும்பத் திரும்பப் படிச்சோம். கடைசில பாத்தா அவங்க காலண்டர் நம்மளதை விட ஏழெட்டு வருஷம் பின்னாடி ஓடுது, மாசமே பதிமூணு, பேப்பர்ல இருந்தது அந்தக் கணக்கு, பேட்டில மொழிபெயர்ப்பாளர் பாதியை மாத்தி பாதியை விட்டுட்டார். அவ்வளவுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்காம விட்டிருந்தா ஆபத்து இருக்குற நாட்டுக்கே அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு சொல்ற 1951 அகதிகள் ஒப்பந்தத்தோட 33வது பிரிவெல்லாம் பேப்பர்லயே கிடந்திருக்கும்.

கறுப்புக்கோட்டு:
நல்ல வேலை, ஒத்துக்கிறேன். ஆனா அது பாடம் இல்லம்மா, கேஸ். கேஸ் இங்கயும் இருக்கு. உன் கிளாஸ்ல எத்தனை பேருக்கு அந்த கிளினிக்ல இடம் கிடைச்சுது, அதை மட்டும் சொல்லு.

ஈரக்குடை:
கால்வாசி பேர். மீதி பேர் கட்டுரை எழுதிட்டு இருந்தாங்க, மறைக்கல.

மூணாவது_பெஞ்சு:
நடுவுல வர்றேன், இங்க ரெண்டு டிகிரியை ஒண்ணா போட்டுக் குழப்புறாங்க. எல்எல்எம்க்கு பெரும்பாலும் லா டிகிரி கேப்பாங்க. எம்ஏ மனித உரிமைன்னா என்னை மாதிரி அரசியல் படிச்சவனும் சேரலாம், வெனிஸ் லிடோல முதல் செமஸ்டர் நடத்தி அடுத்ததுக்கு வேற வேற யுனிவர்சிட்டிக்கு அனுப்புற ஐரோப்பிய மாஸ்டர்ஸ் அந்த மாதிரிதான். எதை முடிச்சாலும் அங்கயே வக்கீலா நிக்க முடியும்னு நினைச்சிராதீங்க. நியூயார்க் பார், அதாவது அங்க வக்கீல் ஆகுற பரிட்சை எழுத எல்எல்எம் உதவும்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது அமெரிக்க சட்டப் பாடங்களை குறிப்பிட்ட அளவு எடுத்தாத்தான், ஐரோப்பால படிச்ச மனித உரிமை எல்எல்எம்மை வச்சு ஒண்ணும் நடக்காது. பிரிட்டன், நெதர்லாந்துன்னா ஒரு வருஷம், லுண்ட் ரெண்டு வருஷம், தங்குற செலவு டபுள்.

கறுப்புக்கோட்டு:
அப்படிப் போடு. படிச்சு முடிச்சதும் இன்டர்ன்ஷிப்னு ஓடுவாங்க, ஐ.நா. தலைமைச் செயலகத்துல அதுக்கு சம்பளமே கிடையாது. 2015ல ஒரு பையன் ஜெனீவா ஏரிக்கரைல டென்ட் போட்டுத் தங்கினது பேப்பர்லயே வந்துச்சே. மனித உரிமை பேசுற இடத்துல வேலைக்குக் கூலி இல்ல, சிரிப்பா இருக்கு.

மூணாவது_பெஞ்சு:
அந்தப் பையன் வேணும்னேதான் டென்ட் போட்டான் சார், சம்பளம் இல்லாததைப் பேச வைக்கத்தான் பண்ணேன்னு அவனே அப்புறம் சொல்லிட்டான். ஆனா சம்பளம் இல்லாதது நிஜம். ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) மாதிரி சில அமைப்புங்கதான் உதவித்தொகை குடுக்குது. ஐ.நா.வுல பி-2ன்னு சொல்ற ஆரம்ப நிலை அதிகாரி பதவிக்கு மாஸ்டர்ஸோட ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறான், யங் ப்ரொஃபஷனல்ஸ் பரிட்சைன்னா 32 வயசுக்குள்ள எழுதணும், அதுவும் அந்த வருஷம் உங்க நாடு பட்டியல்ல இருக்கணும். 2025ல அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை மூடினதுல இருந்து ஆள் எடுத்த அமைப்பெல்லாம் ஆளைக் குறைச்சிட்டு இருக்கு.

கறுப்புக்கோட்டு:
இன்னும் ஒண்ணு. 1986ல நிகரகுவா அமெரிக்கா மேல போட்ட கேஸ்ல சர்வதேச நீதிமன்றம் நிகரகுவா பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அமெரிக்கா என்ன பண்ணுச்சு? பாதுகாப்பு கவுன்சில்ல வீட்டோ. தீர்ப்பு கையில, ஜப்தி பண்ண அமீனா இல்ல. இந்த சட்டத்தைப் படிக்கக் கடன் வேற.

ஈரக்குடை:
அமீனா இல்லாமலே சிலி நாட்டு முன்னாள் சர்வாதிகாரி பினோசெட்டை 1998ல லண்டன்ல பிடிச்சு வச்சாங்க சார், ஸ்பெயின் நீதிபதி ஒருத்தர் போட்ட வாரன்ட்ல. பினோசெட் கடைசில ஊருக்குப் போயிட்டார், அது வேற கதை. ஆனா அதுக்கு அப்புறம் பழைய சர்வாதிகாரிங்க வெளிநாட்டுல வைத்தியம் பாக்கவே யோசிக்க வேண்டியதாச்சு. வனுவாட்டுன்ற பசிபிக் தீவு நாடு முன்னெடுத்த கேஸ் பாத்தீங்களா? 2019ல பசிபிக் தீவு லா ஸ்டூடண்ட்ஸ் 27 பேர் கிளாஸ்ல ஆரம்பிச்ச பேச்சு, 2023ல ஐ.நா. பொதுச்சபை தீர்மானமாச்சு, 2025 ஜூலைல காலநிலை விஷயத்துல நாடுங்களோட கடமை பத்தி சர்வதேச நீதிமன்றமே ஒருமனதா கருத்து சொல்லிடுச்சு. லா படிச்சா என்ன ஆகும்னு கேட்டீங்களே.

கறுப்புக்கோட்டு:
ஹாஹா, நீயே மாட்டிக்கிட்ட. அந்த 27 பேரும் எந்த ஜெனீவாவுக்கும் போகல, அவங்க பக்கத்து காலேஜ்ல உக்காந்துதான் ஆரம்பிச்சாங்க!

ஈரக்குடை:
சரி, அந்தப் பாயிண்ட் உங்களுது 😅 ஆனா அந்த விசாரணைல தொண்ணூறுக்கும் மேல நாடுங்க வந்து பேசுனாங்க, அந்த நீதிமன்றம் இருக்குற ஹேக்ல மைக் முன்னாடி யார் நிக்கிறாங்கன்னு பாருங்க, சின்ன நாடுங்களுக்காக திரும்பத் திரும்ப அதே கொஞ்சம் வெளிநாட்டு வக்கீலுங்கதான். அந்தக் கூட்டத்துக்குள்ள நம்ம ஆளுங்க நுழையணும்னா அவங்க படிச்ச வாசல்லயும் சிலர் போய்த்தான் ஆகணும். நான் எல்லாரும் போங்கன்னு சொல்லல.

மூணாவது_பெஞ்சு:
கேள்விக்குறிக்கு ரெண்டு வருஷ அனுபவம் இருக்குல்ல, பிரிட்டன்ல படிக்க அந்த அரசு குடுக்குற செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு அது போதும். ஆனா முடிச்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குத் திரும்பிடணும்னு நிபந்தனை இருக்கு, அதைப் படிச்சிட்டு போடுங்க.

கேள்விக்குறி:
திரும்பறதுல பிரச்சனையே இல்ல, என் சீனியர்கிட்ட சார் சொன்ன மாதிரியே ஒரு கேஸ் ஓடுது, கைது நேரத்துல 4ஐ 9ஆ திருத்தியிருக்காங்க, அந்த இங்க் கலர்கூட வேற, ஜெராக்ஸ்ல தெரியல, ஒரிஜினலை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சப்பதான் தெரிஞ்சுது. அதை முடிக்கணும். அதனால ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும் போடுறேன், கடன் இல்ல. ஸ்டேட்மெண்ட் எழுத ஆரம்பிச்சிட்டேன், முதல் வரி "சின்ன வயசுல இருந்தே அநீதியைக் கண்டா எனக்குப் பொறுக்காது". ஓகேவா?

ஈரக்குடை:
ஐயோ வேணாம்பா, வர்ற விண்ணப்பத்துல பாதி அந்த வரிலதான் ஆரம்பிக்கும்.

கறுப்புக்கோட்டு:
நான் போகாதன்னு சொன்னவன், இருந்தாலும் சொல்றேன். அதை வெட்டிட்டு 4ஐ 9ஆ திருத்தினதுல இருந்து ஆரம்பி தங்கச்சி. பேரெல்லாம் போட்டுராத, கேஸ் இன்னும் கோர்ட்ல இருக்கு.