பிட்ச் பிட்ச் என்கிறார்களே, எந்த பிட்ச்?

டிப்ளமோ பையன்:
மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன். பிட்ச் என்றால் கிரிக்கெட் பிட்ச் மட்டும்தான் என்றிருந்தவனுக்கு இப்போது எங்கே திரும்பினாலும் அதே வார்த்தை. வொர்க்‌ஷாப்பில் மரைக்கு பிட்ச், பாட்டு கற்கும் தங்கச்சிக்கு பிட்ச் சேரவில்லையாம், விமான டிக்கெட் தளத்தில் சீட் பிட்ச் 29 இன்ச் என்று போட்டிருக்கிறது, ஸ்டார்ட்அப் வைத்திருக்கும் மாமா பையன் நாளைக்கு பிட்ச் இருக்கு என்கிறான். எல்லாம் ஒரே வார்த்தைதானா? வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், கேட்டால் எதைச் சொல்வது?

லேத் ராஜா:
தம்பி, வைவாவுக்கு மரையை மட்டும் பிடித்துக்கொள். ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, அச்சுக்கு இணையாக உள்ள தூரம், அவ்வளவுதான். எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டில் சாதாரண மரை 1.5 மி.மீ., நைஸ் மரை 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் நட்டு கொஞ்சம் ஏறி இறுகிவிடும், அப்புறம் ஸ்பேனரோடு மல்லுக்கட்டினால் மரை போச்சு. மரையை அளக்கும் பிட்ச் கேஜ் கையில் இல்லையென்றால் ஸ்கேலை வைத்து பத்து மரைக்கு எவ்வளவு என்று பார், 15 மி.மீ. வந்தால் 1.5. கூடவே லீடையும் படித்துவிட்டுப் போ. ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம் அது. ஒற்றை மரையில் லீடும் பிட்சும் ஒன்று, இரண்டு மரை பக்கத்தில் பக்கத்தில் சுற்றி ஓடும் இரட்டை மரையில் லீட் பிட்சைப் போல இரண்டு மடங்கு.

சீட் பிட்சும் இதே கணக்குதான். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரை. 29 இன்ச் முழுக்கக் காலுக்குக் கிடைக்காது, சீட்டின் தடிமனும் அதில் அடக்கம். பைக் செயினில் 428 என்று இருந்தால் முதல் இலக்கத்தைப் பார், இன்ச்சில் எட்டில் நாலு பங்கு, அதாவது அரை இன்ச் பிட்ச்.

சுருதிப்பெட்டி:
தங்கச்சி விஷயம் வேறு. அங்கே தூரம் இல்லை, அதிர்வெண். மேற்கத்திய வாத்தியங்களை ஏ என்ற ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துச் சேர்ப்பார்கள், நம் பக்கம் கட்டைக் கணக்கு: ஒரு கட்டை என்றால் சி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். பிட்ச் ஏற்று என்றதும் கத்த ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்காது. சத்தம் வேறு, சுருதி வேறு.

மூன்றாம் அம்பயர்:
ஒரே வார்த்தையா என்ற கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். குத்தி நிறுத்துவது, எறிவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பழைய வினைச்சொல் உண்டு. ஸ்டம்ப் நட்ட இடம் பிட்ச் ஆனது, 22 கஜம். பந்து தரையில் குத்துவதும் அதே சொல்தான், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆனால் எல்பி அவுட் கிடையாது. இந்தக் குடும்பத்தில் சேராதது தார் மாதிரியான கறுப்புப் பிசின், அதற்கும் பிட்ச் என்றுதான் பெயர், ஆனால் லத்தீன் வழியாக வந்த வேறு சொல். கல் மாதிரி இருக்கும், ஆனாலும் ஒழுகும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் புனலில் ஊற்றி வைத்தார்கள், ஒன்பதாவது சொட்டு 2014இல்தான் விழுந்தது!

டிப்ளமோ பையன்:
நன்றி அண்ணா. மாமா பையனை யாரும் கண்டுகொள்ளவில்லையே?

லேத் ராஜா:
அது முதலீடு கேட்டுப் பேசுவது. வைவாவுக்கு வராது, நீ லீடைப் படி.