மேலவீதி சொந்தங்கள்

கலா அத்தை: (பலமுறை பகிரப்பட்ட வீடியோ)
கலா அத்தை: திருச்சி முக்கொம்புல மதகு உடைஞ்சு வெள்ளம் போகுதாம். ஆத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. எல்லா குரூப்புக்கும் போடுங்க 🙏
திவ்யா: ஐயோ
திவ்யா: அப்ப ஆடிப் பதினெட்டு?
முரளி: வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு
பெரியப்பா: கலா, இது 2018 வீடியோ. ஆகஸ்ட் 22 ராத்திரி. தெற்குக் கொள்ளிடத்துல மொத்தம் 45 மதகு, அதுல 9 அடிச்சுக்கிட்டுப் போச்சு. இப்ப அதுக்குக் கீழயே புதுக் கதவணை கட்டியாச்சு.
கலா அத்தை: எனக்கு இன்னைக்குத்தான் வந்துச்சு
சுந்தர் சித்தப்பா: கடைமடைக்கு இப்பத்தான் வந்து சேந்திருக்கு 😂
திவ்யா: பாலம் விழுந்துச்சே, அது இல்லையா?
பெரியப்பா: அது ஸ்ரீரங்கம் போற பழைய இரும்புப் பாலம். அதே மாசம்தான், இடம் வேற.
பெரியப்பா: முக்கொம்புலதான் காவிரியும் கொள்ளிடமும் பிரியுது. நடுவுல ஸ்ரீரங்கம். கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. விட்டா தண்ணி முக்கால்வாசி கொள்ளிடத்துல இறங்கி நேரா கடலுக்குப் போயிடும். காவிரில மணல் ஏறி, தஞ்சாவூர்ப் பக்கம் பாசனத்துக்கே தவிப்பு. அதுக்குத்தான் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல கொள்ளிடத்துக்குக் குறுக்க மேலணை கட்ட ஆரம்பிச்சார்.
அம்மா: புளிசாதம் யார் கட்டுறது
பெரியப்பா: அதே சமயம்தான் அணைக்கரைல கீழணையும். வடவாறு வழியா வீராணத்துக்குத் தண்ணி அங்கேருந்துதான். சென்னைல முரளி குடிக்கிறதும் அதுதான்.
முரளி: நாங்க கேன் தண்ணி பெரியப்பா
பெரியப்பா: மேலணை வந்ததும் காவிரில அளவுக்கு மீறிப் பாய ஆரம்பிச்சுது. அப்புறம் அந்தப் பக்கமும் தடுப்பு போட வேண்டியதாப் போச்சு. ஒரு பக்கம் ஒசத்தினா இன்னொரு பக்கம் இழுத்துக்கும்.
கலா அத்தை: நம்ம வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி
அம்மா: அது இப்ப எதுக்கு கலா
சுந்தர் சித்தப்பா: அண்ணே, கரிகாலனை விட்டுட்டீங்க
பெரியப்பா: கல்லணையைப் பாத்துதான்டா காட்டனே கத்துக்கிட்டார். ஆத்து மணல்ல வெறும் கல்லை இறக்கி அஸ்திவாரம் எப்படி நிக்குதுன்னு.
திவ்யா: அப்ப கல்லணைக்கே போயிடலாமா? எங்க வீட்டுக்காரர் பாத்ததே இல்லையாம்
கலா அத்தை: தாலிக்கயிறு மாத்தறது ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துலதான். எங்கம்மா காலத்துலேருந்து அங்கதான்
முரளி: கூட்டம் நெரியும் அத்தை
கலா அத்தை: கல்யாணத்துக்கு மண்டபம் பாத்தப்பவும் என்னை யாரும் கேக்கல. இப்ப மட்டும் கேட்டுடவா போறீங்க
சுந்தர் சித்தப்பா: வந்துடுச்சுடா வெள்ளம்
பெரியப்பா: மேட்டூர்ல எத்தனை கன அடி விடறாங்கன்னு பாக்கணும். ஜாஸ்தின்னா எந்தப் படித்துறைலயும் இறங்க விட மாட்டாங்க. முந்தின நாள் சொல்றேன்.
முரளி: வேன்காரர் இன்னைக்கே இடம் கேக்கறார்
அம்மா: மாலை ரெண்டையும் ஆத்துல விடணும், மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லு மாப்பிள்ளைய
திவ்யா: எந்த ஆத்துலம்மா?
ராஜு மாமா: 👍
முரளி: எதுக்கு மாமா?