சி (C) கணினி மொழி படிச்சப்ப மாட்டிக்கிட்ட இடம்: மலேசியா, சுங்கை சிப்புட் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

லயத்துப் பிள்ளை:
ரொம்ப வருசமாச்சு, இன்னும் உறுத்துது. எஸ்.பி.எம் (இடைநிலைப் பள்ளிக் கடைசிப் பரீட்சை) எழுதிட்டு வீட்டுல இருந்த நேரம். அம்மா ரப்பர் பால் வெட்டப் போவாங்க. பால் எத்தனை கிலோ, டி.ஆர்.சி (பால்ல காஞ்ச ரப்பர் எத்தனை விழுக்காடு) எவ்வளவுன்னு கொடுத்தா காஞ்ச ரப்பர் எடை வர்ற மாதிரி ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அம்மா பால் நிறுத்துட்டு வந்தாங்க. விரல் நுனியெல்லாம் பால் காஞ்சு ஒட்டியிருக்கு, அதை உரிச்சுக்கிட்டே பக்கத்துல உட்கார்ந்தாங்க. 28 கிலோ, 32 விழுக்காடு. எண்டர் தட்டினேன். திரையில 0.00.

அம்மா உரிக்கிறதை நிறுத்திட்டு, "என்னம்மா, இன்னிக்கும் கழிச்சுட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டாங்க.

32-ஐ 100-ஆல வகுத்தா 0.32 வரும்னு நினைச்சுட்டேன். ரெண்டுமே இன்ட், அதாவது முழு எண் வகை. முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா புள்ளிக்குப் பின்னால உள்ளதை சி வெட்டிடும். அப்புறம் 28-ஆல பெருக்கி என்ன? விடையை டபுள்ல (புள்ளி எண் வகை) வாங்கியும் பிரயோசனமில்ல, வெட்டு அதுக்கு முன்னாடியே விழுந்துடுது. 100.0-ன்னு எழுதியிருந்தா 8.96. இதைக் கண்டுபிடிக்க மூணு நாள். அம்மாவுக்குத் திருப்பிக் காட்டவே இல்ல.

செம்பனைக்காரன்:
தங்கச்சி, முதல்ல பெருக்கிட்டு அப்புறம் வகுத்திருந்தா 0 வந்திருக்காது. 28 பெருக்கல் 32, 896. அதை 100-ஆல வகுக்கணும். எங்க மூணு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைக் கணக்கை அப்படித்தான் இத்தனை வருசமா ஓட்டுறேன், ஒரு நாளும் 0 காட்டினதில்ல.

என் கதை சின்னது. குலை பழுத்ததான்னு பார்க்கிற இஃப் நிபந்தனையில == போடாம ஒத்தை = போட்டுட்டேன். அது ஒப்பிடாது, மதிப்பை உள்ளே வச்சுடும். காயெல்லாம் பழமாயிடுச்சு.

இரவு ஷிப்ட்:
அண்ணே, நீங்க சொன்னபடி செஞ்சா 8 தான் வரும், 8.96 வராது. 0 வந்தா ஏதோ தப்புன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியும். 8 வந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. கிட்டத்தட்ட ஒரு கிலோ போயிருக்கும்.

எனக்கு நடந்தது ஈப்போவுல, முதல் செமஸ்டர் லேப்ல. பேரும் வயசும் கேட்கிற புரோகிராம். ஐ.சி-யில (அடையாள அட்டை) உள்ளபடி என் பேரு, ஏ/எல் (இன்னார் மகன்), அப்பா பேருன்னு முழுசா அடிச்சேன். என் பேரு மட்டும் வந்துச்சு. வயசுக்கு நிக்கவே இல்ல, ஏதோ ஒரு பெரிய எண்ணைக் காட்டிட்டு முடிஞ்சுடுச்சு. பக்கத்து மலாய்ப் பையனுக்கு "பின்"னுக்கு (அவங்க மகன்னு போடற சொல்) முன்னால அறுந்துச்சு. சீனப் பையனுக்குக் குடும்பப் பேரு மட்டும் நின்னுச்சு. மூணு பேரும் ஒருத்தர் திரையை ஒருத்தர் பார்த்தோம். சொல்லிக்கொடுத்தவர் வந்து பார்த்துட்டு, "ஒத்தைச் சொல்லா அடிங்க, போதும்"னு போயிட்டார். நாங்களும் அப்படியே அடிச்சுக் கொடுத்துட்டோம். எனக்கு ஆறாதது அதுதான்.

ஸ்கேன்எஃப் (நாம அடிக்கிறதை வாங்கற கட்டளை) சொல்லை வாங்கும்போது இடைவெளி வந்ததும் நின்னுடும். மிச்சம் உள்ளேயே கிடக்கும். வயசுக்கு எண் தேடினா அங்கே ஏ/எல் நிக்குது. முழு வரி வேணும்னா எஃப்கெட்ஸ், ஆனா கடைசி எண்டரையும் சேர்த்து வாங்கும், அதை நாமதான் வெட்டணும். பழைய கெட்ஸ் பக்கம் போகவே வேணாம், எத்தனை எழுத்து வந்தாலும் எழுதிக்கிட்டே போகும். சி மொழியோட 2011 தரத்துல அதை எடுத்தே போட்டுட்டாங்க.

ஆறாங்கட்டை:
அத்தை பாசார் மாலாம்ல (இரவுச் சந்தை) பலகாரம் விப்பாங்க, அதுக்கு பில் போடுற புரோகிராம். எண்ணிக்கை அடிச்சதும் "இன்னும் உண்டா?"ன்னு கேட்கும், நான் பதில் அடிக்கும் முன்னே மூடிக்கும். வரிசையில பத்து பேரு நிக்கிறாங்க. அத்தை பேசாம பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துட்டாங்க.

எண்ணுக்குப் பின்னால தட்டின எண்டர் உள்ளே தங்கி, அடுத்து ஒரு எழுத்தைக் கேட்டதும் அதுவே பதிலாப் போயிருக்கு. எழுத்து வாங்கற %c-ல சதவீதக் குறிக்கு முன்னால ஒரு இடைவெளி விட்டாப் போதும். எஃப்ஃப்ளஷ் (தேங்கினதைத் தள்ளிவிடற கட்டளை) போடுன்னு நிறைய பேரு சொல்வாங்க, உள்ளீட்டுக்கு அதைப் போட்டா என்ன நடக்கும்னு தரத்துல வரையறையே கிடையாது. ஒரு கணினியில ஓடும், இன்னொண்ணுல ஓடாது. இன்னொண்ணு, படிக்கிற பிள்ளைங்க எல்லாரும் ஜிசிசி-யில (சி கம்பைலர்) எச்சரிக்கைகளைத் திறந்து வச்சே கம்பைல் பண்ணுங்க. அண்ணனோட ஒத்தை =, ஸ்கேன்எஃப்ல & போட மறந்தது, ரெண்டையும் பிடிச்சுக் கொடுக்கும். எச்சரிக்கை வரி வந்தா தாண்டிப் போகாதீங்க, முதல் வரியை முதல்ல சரி பண்ணுங்க, பாதி தானாப் போயிடும். ஆனா தங்கச்சியோட வகுத்தலை அது பிடிக்காது. அங்கே தாள்ல கையால போட்டு ஒத்துப் பார்க்கிறதுதான் வழி.

செம்பனைக்காரன்:
இரவு ஷிப்ட் தம்பி, நீ சொன்னது சரி. இப்பதான் ஃபைலைத் திறந்தேன். எல்லாம் இன்ட்தான். மில்லு கொடுத்த ரசீதெல்லாம் அலமாரியில இருக்கு, இன்னிக்கு ராத்திரி ஒவ்வொண்ணா எடுத்து ஒத்துப் பார்க்கப் போறேன்.