செவ்ரலே ராணுவ லாரி: எண்ணெய் அழுத்தம், தட்டுச் சத்தம் (புதுப்பிப்பு)

முன்பு கேட்டது: மியான்மரின் மோல்மீன் ஊரில் கொட்டகையில் நிற்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கனடா செவ்ரலேயில், சூடானதும் எண்ணெய் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டைத் தாண்டவில்லை, மேட்டில் ஏறும்போது அடியில் தட்டுச் சத்தம். ஆயில் பம்ப் போச்சு என்றே பலரும் சொன்னீர்கள். பம்பில் கோளாறு இல்லை.

இந்த 216 கன அங்குல எஞ்சினில் கனெக்டிங் ராடுக்கு (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) அழுத்தத்தோடு எண்ணெய் போவதில்லை. ராடின் அடியிலுள்ள கரண்டி போன்ற டிப்பர், சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) உள்ள நாசில் பீய்ச்சும் எண்ணெயை வாங்கிக்கொள்ளும். மீட்டரே 30 வரைதான். ஓட்டத்தில் 14 பக்கம் நின்றால் போதும். பம்புக்குச் செலவழிக்காதது நல்லதாயிற்று.

சம்ப்பை இறக்கியதும் தெரிந்தது: ஐந்தாம் நாசிலில் கறுப்புச் சேறு. அதை எடுக்க மண்ணெண்ணெயும் மெல்லிய கம்பியும் போதும். நாசிலை மட்டும் வளைக்கக் கூடாது. தாரை டிப்பரைத் தவறினால் பேபிட் (ராடின் பேரிங்கிலுள்ள மெல்லுலோகப் பூச்சு) உருகிவிடும். அந்த ஐந்தாம் ராடின் பேரிங் இடைவெளியைக் குறைக்க, மூடியின் இரு பக்கமும் 0.002 அங்குல ஷிம் (மெல்லிய தகடு) ஒவ்வொன்று எடுத்தபின் சத்தம் நின்றது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் மூடி கோணலாக உட்காரும். அதிகம் எடுத்தால் இறுகிச் சூடேறும். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தே சம்ப்பை மூடுங்கள்.

அடுத்து சக்கரம். ரிம்மின் இரண்டு பாதிகளை இணைக்கும் நட்டுகளை, வால்வைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்காமல் தொடவே வேண்டாம்.