100 மைல் வேகத்தில் எறியும் பல்கலைக்கழக ரிலீவர் ஏன் முதற்சுற்றில் இல்லை?

ஹட்டன் ரசிகன்:
அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்போல் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அங்கே கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை 4:30 என்பதால், கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவோடு நானும் எழுந்துவிடுகிறேன். நான் கவனிக்கும் ஒரு ரிலீஃப் பிட்சர் (ரிலீவர், அதாவது ஆட்டத்தைத் தொடங்காமல் இடையில் இறங்கிப் பந்தெறிபவர்) கடைசி இன்னிங்ஸில் இறங்கி மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீற்றர் வேகத்தில் எறிகிறார். ஆயினும் டிராஃப்ட் (தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவு செய்யும் முறை) பற்றி எழுதுவோர் அவரை மூன்றாம் சுற்றில்தான் வைக்கிறார்கள். அணிகளுக்காக வீரர்களை மதிப்பிடும் ஸ்கவுட்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

பதுளை வாசகர்:
தம்பி, அவர் ஏன் ரிலீவராக இருக்கிறார் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அந்தக் கைக்கு நம்பகமான மூன்றாவது பந்துவகையும் கட்டுப்பாடும் இருந்திருந்தால், பயிற்றுநர் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடங்கும் பொறுப்பையே கொடுத்திருப்பார். ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை புள்ளியிடுவது அவர்கள் வழக்கம். உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் சராசரி 50. வேகத்துக்கு 80 போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டுக்கு 35 போட வேண்டி வந்தால், முதற்சுற்றுப் பணத்தை யாரும் எளிதில் இறைக்க மாட்டார்கள். டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பென் ஜாய்ஸ் 2022இல் 105.5 மைல் வேகத்தில் எறிந்தும், அவ்வாண்டு ஏஞ்சல்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில்தான் எடுத்தது.

தலவாக்கலை:
திரையின் மூலையில் வரும் வேக எண்ணை மறந்துவிட்டு கேட்சரின் கையுறையைப் பாருங்கள். வெளிமூலையில் காட்டிய கையுறையை அவர் அடிக்கடி குறுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால், ஸ்ட்ரைக் (அடிப்பவருக்கான எல்லைக்குள் போகும் பந்து) விழுந்தாலும் அது குறிபார்த்த எறிதல் அன்று. ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும், வேகம் சற்றுக் குறைந்த பந்து) எறியும்போது கை சற்றே மெதுவாகிறதா என்பதையும் கவனியுங்கள். மாணவர்கள் அதற்கு ஏமாறலாம், தொழில்முறை அடிப்பவர்கள் ஏமாற மாட்டார்கள். வளைவோ எழுச்சியோ இல்லாத 100 மைல் பந்தையும் அவர்கள் அடித்துவிடுவார்கள். முதல் இரண்டு எறிதலும் ‘போல்’ (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போனவை) ஆனபின் எதை எறிகிறார் என்பதே எனக்கு மிக முக்கியமானது.

நுவரெலியா:
பதுளை அண்ணன் சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. அதே டென்னசியில், ஆட்டத்தைத் தொடங்கவும் இடையில் இறங்கவும் செய்த கரட் குரோஷேயை வைட் சொக்ஸ் அணி 2020இல் 11ஆவது தெரிவாக எடுத்தது. கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அதே செப்டெம்பரில் மேஜர் லீக்கில் இறங்கினார். 2022இல் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பின், 2024இல் முழுநேரத் தொடக்க பிட்சரானார். உயரமான இடக்கையர் என்பது அவருக்குக் கைகொடுத்தது, உண்மைதான். ரிலீவர் என்ற பெயரே தடையில்லை. தொடக்க பிட்சராக மாறுவார் என்று அணி நம்புகிறதா என்பதில்தான் விலை நிற்கிறது.

ஹட்டன் ரசிகன்:
தலவாக்கலை நண்பர் சொன்னபடி பழைய பதிவுகளைத் திரும்பப் பார்த்தேன். அடுத்தடுத்த இரண்டு நாள் இறங்கியபோது, இரண்டாம் நாளில் 96 மைலைத் தாண்டவில்லை. ‘போல்’ கூடிப் பின்தங்கியபோதெல்லாம் வேகப்பந்தையே எறிந்தார். மூன்றாம் சுற்று நியாயமாகவே தோன்றுகிறது.