லத்தீன் கற்க எதிலிருந்து தொடங்குவது: வாய்பாடா, வரலாறா, கவிதையா?

பாளையங்கோட்டை ஆசிரியை:

வணக்கம். நான் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணம் லத்தீன் மொழியில் இயற்றப்பட்டு, 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம், அதில் ஒரு பக்கத்தையாவது மூலத்திலேயே படிக்க முடியவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அதனால் ஆறு மாதங்களுக்கு முன் லத்தீன் இலக்கண நூல் ஒன்றை வாங்கிப் பெயர்ச்சொல் வேற்றுமை வாய்பாடுகளை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். வாய்பாடு வாயில் வருகிறது. ஆனால் ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் கை கால் ஓடவில்லை. இலக்கணத்தை ஒதுக்கிவிட்டு முதலில் ரோம வரலாற்றைப் படியுங்கள் என்கிறார் ஒரு தோழி. நேரே ரோமக் கவிஞர் வர்ஜிலின் கவிதைக்குப் போகலாம் என்கிறார் இன்னொருவர். கற்றவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கொற்கை வாசகர்:

அம்மா, இலக்கணத்தை ஒதுக்காதீர்கள். வாய்பாட்டைத் தனியே படிப்பதை மட்டும் நிறுத்துங்கள். பேரரசர் அகஸ்டஸ் தம் செயல்களைத் தாமே தொகுத்து எழுதிவைத்த கல்வெட்டு, இன்றைய அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது. அதில் ஒரு தொடர்: ‘அத் மே எக்ஸ் இந்தியா ரேகும் லேகாத்தியோனேஸ் சைப்பெ மிஸ்ஸை சுந்த்’. சொல்லுக்குச் சொல் வரிசை மாற்றாமல் தமிழாக்கினால், ‘என்னிடம் இந்தியாவிலிருந்து அரசர்களின் தூதுக்குழுக்கள் அடிக்கடி அனுப்பப்பட்டன’ என்று வரும். வினை இறுதியில் நிற்கிறது. ‘அரசர்களின்’ என்னும் ஆறாம் வேற்றுமை, தான் தழுவும் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இந்தத் தொடரை முதன்முதலில் பிரித்துப் படித்த அன்று, கொற்கைக் குளக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அகஸ்டஸுக்குத் தூது அனுப்பிய அரசன் பாண்டியன் என்றும், சிலர் கூற்றுப்படி போரஸ் என்றும் கிரேக்கரான ஸ்ட்ராபோ குறித்திருக்கிறார்.

தமிழாசிரியரான உங்களுக்கு வேற்றுமை புதிதன்று. நம் எட்டு வேற்றுமைகளுக்கு அவர்களிடம் ஆறுதான் உள்ளன. நாம் ‘வாளால்’, ‘நகரிலிருந்து’, ‘நகரில்’ என மூன்றாகப் பிரிப்பதை அவர்களுடைய அப்லாட்டிவ் என்னும் ஒரே வேற்றுமை சுமக்கிறது. எங்கே எந்தப் பொருள் என்பதைப் பெயருக்கு முன் வரும் இடைச்சொல்லும் சூழலும் காட்டும். ‘செனாத்துஸ் பொப்புலுஸ்க்வெ ரோமானுஸ்’ (‘ரோம ஆட்சிமன்றமும் மக்களும்’) என்பதில் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கும் ‘க்வெ’ நம் ‘உம்’மைதான், நாம் இரண்டு சொல்லிலும் வைப்பதை அவர்கள் பின்னதில் மட்டும் வைக்கிறார்கள்.

ஒலிக்கும் ஒரு வழி சொல்கிறேன். ‘வெனித்’ என்றால் வருகிறான். ‘வேனித்’ என்றால் வந்தான். ரோமானிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். பாடநூல்கள்தாம் மேலே கோடிட்டுக் காட்டுகின்றன. எகர ஏகார வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் தெளிவாக்கியவர் என்று நாம் போற்றுவதும் வீரமாமுனிவரைத்தானே! ஓரத்தில் உயிர்க்குறிலையும் நெடிலையும் தமிழில் குறித்துக்கொண்டு படியுங்கள்.

தென்காசி ஆய்வு மாணவர்:

கொற்கை அண்ணாச்சி காட்டிய தொடர் அருமையானது. ஆனால் இந்த ஒற்றுமையை நம்பி நான் ஓராண்டை இழந்தேன் என்பதால் மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். அதே தொடரில் ‘மிஸ்ஸை’ என்னும் வடிவம் ஏன் வந்தது? ‘தூதுக்குழு’ என்பதற்கான லத்தீன் சொல் பெண்பால். அது பன்மையில் நிற்பதால் வினையில் வரும் அந்தச் சொல்லும் பெண்பால் பன்மை ஆகிறது. நம் மொழியில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. அங்கே சொல்லோடு பிறக்கிறது. நம் பெயரடை உருமாறாமல் பெயருக்கு முன் நிற்கும்; அவர்களுடைய பெயரடை பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு இயைந்து, சில வேளை வெகுதொலைவில் போய் நிற்கும். இதைப் பிடிக்க வாய்பாடு அனிச்சையாக வர வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் ஒரு பெயரையும் ஒரு பெயரடையையும் சேர்த்தே எல்லா வேற்றுமைகளிலும் எழுதினேன். சீசரின் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் போர்க்குறிப்புகளைத் தொட்டது அதன் பிறகுதான். அவர் தம்மையே படர்க்கையில் ‘சீசர்’ என்று சொல்லிக்கொண்டு நேராக எழுதுகிறார். தொடக்கநிலையில் அவரே போதும்.

வடக்கன்குளம் முதியவர்:

1960-களின் தொடக்கத்தில் குருமடத்தில் லத்தீன் கற்றவன் நான். அப்போது பூசையும் லத்தீனில்தான் நடந்தது. ரோமப் பேச்சாளர் சிசெரோவின் பெயரை நாங்கள் ‘சிச்செரோ’ என்றோம். அது திருச்சபை வழக்கு. பண்டைய ரோமர் ‘கிக்கெரோ’ என்றே ஒலித்தனர். எதைப் பின்பற்றினாலும் ஒன்றையே பின்பற்றுங்கள்.

வரலாறு வேண்டாத நாள் லத்தீனில் இல்லை, மகளே. ‘கிக்கெரோனெ கோன்சுலெ’ என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். ‘கிக்கெரோ கன்சலாக (ரோமின் உயர் ஆட்சியாளராக) இருக்க’ என்பது பொருள், குறிப்பது கி.மு. 63. நம் பாண்டியர் கல்வெட்டுகள் ‘இன்ன அரசற்கு யாண்டு இத்தனை’ என்று காலம் சொல்வதைப் போல, அவர்கள் ஆண்டுதோறும் மாறும் இரு கன்சல்களின் பெயரால் ஆண்டைச் சொன்னார்கள். அந்த ஆட்சிமுறை தெரியாமல் அங்கே நிற்கும் அப்லாட்டிவ் வேற்றுமையின் பயன் விளங்காது.

கவிதைக்குத் தமிழ்ப் படிப்பே உங்களுக்குத் துணை. வர்ஜில் ‘அர்ம விரும்க்வெ கனோ’ எனத் தொடங்குகிறார்: ‘படைக்கலங்களையும் வீரனையும் பாடுகிறேன்’. ‘அர்ம’ என்பதில் இரண்டாம் வேற்றுமைக்குத் தனி உருவம் இல்லை. அஃறிணை போன்ற அந்தப் பாலுக்கு எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் எப்போதும் ஒரே வடிவம். ‘நீர் குடித்தான்’ என்று நாம் உருபு தொக்கிப் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘த்ரோயை க்வீ ப்ரீமுஸ் அப் ஓரீஸ்’ என்கிறார். ‘டிராயின்’ என்ற சொல் முதலிலும் ‘கரைகளிலிருந்து’ என்ற சொல் ஈற்றிலும் கிடக்க, ‘எவன் முதலில்’ என்பது நடுவில் நுழைந்திருக்கிறது. மாணவர்கள் இங்கேதான் திணறுவார்கள். நன்னூல் எட்டுப் பொருள்கோள் சொல்கிறதே, அதில் சிதறிக் கிடக்கும் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் கொண்டுகூட்டு உங்களுக்குப் பழகியது. உருபைப் பிடித்து உரிய சொல்லோடு கூட்டுங்கள். பிறகு மூல வரிசையிலேயே பத்து முறை வாய்விட்டு ஓதுங்கள். கூட்டி எழுதியதோடு நிறுத்தினால் கவிதை கையில் வராது.

பாளையங்கோட்டை ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. அகஸ்டஸ் தொடரின் பின்பாதியைத் தேடி எடுத்து, நேற்றிரவு நானே பிரித்துப் பார்த்தேன்: ‘நோன் வீஸை அந்தெ இத் தெம்புஸ் அப்புத் க்வெம்க்வம் ரோமானோரும் துக்கெம்’. ‘வீஸை’ என்பதும் பெண்பால் பன்மை என்பதால் அதைத் தூதுக்குழுக்களோடு கூட்டி, ‘அக்காலத்துக்கு முன் ரோமத் தலைவர் எவரிடத்தும் காணப்படாதவை’ என்று பொருள் கொண்டேன். சரிதானா, ஐயா?

வடக்கன்குளம் முதியவர்:

சரி, அம்மா. இனி ‘துக்கெம்’ எந்த வேற்றுமை, ‘அப்புத்’ அதை ஏன் கேட்கிறது என்று எழுதி வாருங்கள்.